குளிர்பெட்டி குளிர வைக்காது

ரீஃபர் கன்டெய்னர் என்றால் கப்பலில் போகிற ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் என்றுதான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைப் பெட்டி, ஒரு முனையில் மெஷின். உள்ளே திராட்சையோ இறாலோ வைத்துப் பூட்டிவிட்டால் தானாக ஜில்லென்று ஆகி ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிடும். ராத்திரி மிச்ச சாம்பாரை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் குளிர்ந்து கிடக்கிறதே, அந்த மாதிரி.

அந்த மாதிரி இல்லைங்க. ரீஃபரின் வேலை குளிர வைப்பது அல்ல, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் வைத்திருப்பது. இறால் என்றால் -18 டிகிரியில் கல் மாதிரி உறைந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். சூடான பழத்தை ஏற்றினாலும் மெஷின் முக்கி முனகி இழுத்துப் பார்க்கும், ஆனால் நாள் கணக்கில் ஆகும். அதற்குள் பழம் பாதி செத்திருக்கும். அதாவது சரக்கின் தலையெழுத்து கடலில் இல்லை, கரையில், முதல் சில மணி நேரத்தில் எழுதப்படுகிறது. இதை ஒப்புக்கொண்டால் நாம் பி.காமில் படிக்கிற ஏற்றுமதிப் பாடத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு குட்டிக் கதை. 1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து 'டனீடன்' என்ற பாய்மரக் கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. உள்ளே சுமார் 5,000 ஆட்டு உடல்கள், நீராவியில் ஓடும் குளிர்பதன இயந்திரம். (அதன் புகைபோக்கித் தீப்பொறியில் பாய் எரிந்துவிடுமோ என்ற பயம் வேறு!) வெப்பமண்டலக் கடலில் வரும்போது, குளிர்காற்று சரக்கறை முழுக்கப் போகவில்லை என்று தெரிந்தது. கேப்டன் விட்சன் தானே உள்ளே ஊர்ந்து போய்க் காற்று போக ஓட்டைகள் அறுத்தார். குளிரில் விறைத்துச் சாகக் கிடந்தவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்களாம். மே 24 அன்று லண்டன் சேர்ந்தபோது கெட்டுப்போனது என்று ஒதுக்கியது ஒரே ஒரு உடலை மட்டும். டனீடன் கறியைக் கப்பலிலேயே உறைய வைத்தது. இன்றைய ரீஃபர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் காற்றுப் பிரச்சினை இன்றும் அதேதான். ரீஃபரின் தரையில் நீள நீளமாகப் பள்ளம் இருக்கும், காற்று கீழே ஓடி மேலே வரும். உட்சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், அதற்கு மேல் பெட்டி அடுக்கக் கூடாது. இன்னும் பத்துப் பெட்டி திணித்தால் லாபம் என்று நினைத்தால் காற்று திரும்பி வர வழியில்லாமல் மொத்தமும் போச்சு.

இப்போது நாசிக் திராட்சை. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கம் விளைவது. (நம்ம கம்பம் பன்னீர் திராட்சை இந்தக் கதையில் வராது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதோடு சரி, அது பெரும்பாலும் உள்ளூரிலேயே தின்று தீர்கிற பழம்.) ஜனவரி முதல் ஏப்ரல் வரை சீசன். வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, பேக் ஹவுஸுக்குக் கொண்டுவந்து தரம் பிரித்து, ப்ரீ-கூலிங் அறையில் வேகமாகக் காற்றடித்துப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் கந்தக டை ஆக்சைடு விடும் காகிதம் வைப்பார்கள். பிறகு ரீஃபர், மும்பைக்கு எதிரே நவா சேவா துறைமுகம், அங்கிருந்து ராட்டர்டாம்.

மாம்பழம் பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை அப்படியில்லை. பறித்த நிமிடத்திலிருந்து அது இழப்பது மட்டுமே, முக்கியமாகத் தண்ணீரை. முதலில் காம்பு பச்சை மாறிப் பழுப்பாகும். அங்கே பெட்டியைத் திறக்கிறவர் முதலில் பார்ப்பதும் காம்பைத்தான். காலை பத்து மணிக்குப் பறித்து டிராக்டரில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பழம், அன்று மாலை பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மணி நேரம் ஒரு மாதம் கழித்து ராட்டர்டாமில்தான் வெளியே தெரியும்.

அப்போது பணம் யாருக்குக் குறைகிறது? இங்கேதான் நம் பாடத்துக்கு வருகிறேன்.

எல்.சி.யைப் பற்றி எவ்வளவு பக்கம் எழுதியிருப்போம்! அதன் விதிகளான யூ.சி.பி. 600 (2007 முதல் அமலில் இருப்பது) ஐந்தாவது பிரிவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறது: வங்கிக்குக் காகிதம்தான் சரக்கு, உள்ளே இருக்கும் பழம் அதன் கவலை இல்லை. பில் ஆஃப் லேடிங் கொடுக்கும் கப்பல் கம்பெனியும் பூட்டிய பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, 'உள்ளே இருப்பதாக அனுப்புகிறவர் சொல்கிறார்' என்ற அளவில்தான் கையெழுத்து. ஆக எல்லாக் காகிதமும் சுத்தமாக இருக்க, பழம் மட்டும் அழுகியிருக்க முடியும். அதிலும் புதுப்பழ வியாபாரத்தில் பல சமயம் எல்.சி.யே கிடையாது. கன்சைன்மென்ட் முறை. சரக்கு போய்ச் சேர்ந்து, பார்த்து, விற்ற பிறகுதான் கணக்கு. 'தரம் குறைவு' என்று ஒரு வரி மெயில் வந்தால் ஏற்றுமதியாளர் விவசாயிக்குக் கொடுக்கும் விலையில் கை வைப்பார்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 55ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பாலிசியில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பில்லை, சரக்கின் இயல்பிலேயே இருக்கும் கேட்டுக்கும் பொறுப்பில்லை. பழம் அழுகுவது அதன் இயல்பு, போதாதா! 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, 2024 சீசன் திராட்சை சூயஸ் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. ஏறக்குறைய இரண்டு வாரம் கூடுதல். சரியாகக் குளிர வைத்த பழத்துக்கு அது கஷ்டம், சரியாகக் குளிர வைக்காத பழத்துக்கு அது முடிவு. எது எந்தப் பழம் என்று விவசாயிக்கு யார் சொன்னார்கள்?

சொல்ல ஆதாரம் இல்லாமலில்லை. எனக்குக் கோபம் வருவதே இதில்தான். ரீஃபர் மெஷின் உள்ளே வரும் காற்றையும் திரும்பும் காற்றையும் விடாமல் பதிவு செய்கிறது. மேர்ஸ்க் போன்ற கம்பெனிகள் 2017லிருந்தே நடுக்கடலில் இருக்கும் பெட்டியின் வெப்பநிலையை வாடிக்கையாளருக்குக் காட்டுகின்றன. ஆனால் வாடிக்கையாளர் என்பது கப்பலில் இடம் பிடித்தவர். தோட்டக்காரர் அல்ல.

இந்த நாட்டில் முடியாத காரியமா என்றால், அதே திராட்சையில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2003ல் நெதர்லாந்தில் இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் பிடிபட்ட பிறகு, அபீடா 'கிரேப்நெட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தோட்டத்துக்குப் பதிவு எண், ஆய்வகச் சோதனை, ஐரோப்பாவில் இருக்கும் பெட்டியிலிருந்து பின்னோக்கிப் போனால் இந்த நிலத்தில் விளைந்தது என்று கை காட்டலாம். விவசாயியின் தப்பைக் கண்டுபிடிக்க இவ்வளவு துல்லியமான சங்கிலி! அவருக்குப் பிறகு பழத்தைத் தொடுகிறவர்களின் தப்பைக் கண்டுபிடிக்க அந்தக் கறார் ஏன் இல்லை? அதே பதிவு எண்ணோடு வெப்பநிலையையும் கட்டுங்கள் என்கிறேன். ப்ரீ-கூலிங்குக்குள் போன நேரம், ரீஃபரில் ஏற்றும்போது பழத்தின் உள்ளே இருந்த வெப்பம், வழியில் மெஷின் பதிவு செய்தது. மூன்றின் நகலும் தோட்டக்காரருக்கு. விலையைக் குறைக்க வேண்டுமானால் அதைக் காட்டிவிட்டுக் குறைக்கட்டும்.

இதில் விவசாயிக்கும் அடி விழலாம், மறுக்கவில்லை. பத்து மணிக்குப் பறித்த கதை அதில் அப்படியே தெரிந்துவிடும். விழட்டும். தெரிந்து வாங்கும் அடி அடுத்த சீசனுக்கு உதவும். நாசிக் பக்கம் மோகாடியில் இருக்கும் சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் மாதிரி, பேக் ஹவுஸும் குளிர் அறையும் விவசாயிகளுக்கே சொந்தமாக இருக்கும் இடத்தில் இந்தச் சண்டைக்கே வேலை குறைவு. ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஒன்று எழும்ப எத்தனை வருடமாகுமோ.

அதுவரைக்கும் ஒரு சின்ன விஷயமாவது செய்யலாம். பேக்கிங் லிஸ்ட்டில், பெட்டியைப் பூட்டும்போது பழத்தின் உள்ளே எத்தனை டிகிரி என்று எழுத ஒரு கட்டம். எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் மாதிரிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நிகர எடைக்கும் மொத்த எடைக்கும் பக்கத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.