எண்ணைப் பார்த்து இறங்குங்கள்

பொன்னேரி தாண்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பது கவரைப்பேட்டைக்காரர்களின் வழக்கம். அடுத்த ஸ்டேஷன் நம்முடையதல்லவா? முப்பது வருஷமாக அப்படி மின்சார ரயிலில் போய் வந்த அம்மாள் ஒருவர், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் சென்றார்.

மாப்பிள்ளை காலையில் ஆபீஸுக்குப் போய்விடுவார். மகளோ பச்சைக் குழந்தையுடன் படுக்கையில். பத்தியச் சமையலுக்குக் கொஞ்சம் முருங்கைக்கீரை வேண்டுமென்றாலும் மாப்பிள்ளை திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். "கூண்டிலே அடைத்த மாதிரி இருக்கிறதடி!" என்று அம்மாள் ஒரு நாள் கண் கலங்கிவிட்டார்.

"கவரைப்பேட்டைக்குப் பொன்னேரி அடையாளம் இல்லையா? இங்கே எண்தான் அம்மா அடையாளம்" என்றாள் மகள்.

உண்மைதான். சிங்கப்பூரில் ரயில் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 2003-ல் திறந்த வடகிழக்குப் பாதைக்கு ஊதா நிறம். அதில் மகள் வீடிருக்கும் ஹவ்காங் 14. தேக்கா மார்க்கெட்டுக்கு இறங்க வேண்டிய லிட்டில் இந்தியா 7. எண் 13, 12 என்று குறைந்தால் சரியான வண்டி. 15 என்று கூடினால் எதிர்த்திசை. பதறாமல் இறங்கி மறுபக்க வண்டியில் ஏறினால் போயிற்று. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால், பலகைகளில் நம் எழுத்தும் ஆங்காங்கே கண்ணில் படும்.

டிக்கெட்டுக்குப் பதில் கார்டு. ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டில் இருவர் போக முடியாது. ரயிலில் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் அதைக் கருவியில் தொட வேண்டும். பஸ்ஸிலும் அப்படியே, ஏறும்போதும் இறங்கும்போதும். இறங்கும்போது மறந்தால், கடைசி நிறுத்தம்வரை போனதாகக் கணக்கிட்டுப் பணம் கழிந்துவிடும். நம் அம்மாளும் முதல் நாள் மறந்தார். மறுநாள் புடவைத் தலைப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்; பிறகு மறக்கவில்லை!

இன்னொரு விஷயம். ரயிலுக்குள் தின்னவும் குடிக்கவும் கூடாது. 500 வெள்ளிவரை அபராதம் உண்டு. வேர்க்கடலைப் பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒரு வாரம் சென்றது. அன்று மாப்பிள்ளை வீடு திரும்பியபோது கீரை ஆய்ந்து, பொரியலே தயாராக இருந்தது. "யார் வாங்கி வந்தது?" என்றார் அவர். "ஏன், எனக்கு ரயில் ஏறத் தெரியாதா?" என்றார் அம்மாள்.

அம்மாவை அயல்நாட்டுக்கு அழைக்கும் பெண்களே, சுற்றிக் காட்டுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அவள் கையில் ஒரு கார்டைக் கொடுங்கள். ஒரு தடவை கூடவே போய் வாருங்கள். மறு தடவை அவளே போய் வருவாள்.