ஆட்டுக்கு ஊசி, நாய்க்கு மருந்து, கழிவுக்குக் குழி

செங்கற்பட்டு வட்டாரத்துக்கே உரிய செம்மறி இனம் மெட்ராஸ் சிவப்பு. கிடை போடும் இடமெல்லாம் காவலுக்கு நாயும் உண்டு. ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த கட்டி இருந்தால், அதை அறுத்து நாய்க்கு வீசிவிடுகிறோம். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கட்டிக்குள் இருப்பவை நாடாப்புழுவின் இளம் தலைகள். நாயின் குடலில் அவை ஆறேழு வாரத்தில் முட்டையிடும் புழுக்களாகின்றன. புழுவின் நீளம் அரை அங்குலம்கூட இராது. நாயும் நலமாகவே தோன்றும். அதன் மலத்தோடு வெளிவரும் முட்டை புல்லில் விழுந்தால் ஆடு மாடுகளுக்குக் கட்டி. கீரையிலோ கையிலோ ஒட்டினால் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டி. பல ஆண்டுகள் சத்தமின்றி வளர்ந்து, கடைசியில் அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடும். வெறிநாய்க்கடி ஊசி இதைத் தடுக்காது.

இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் அது நாய்க்கு அல்ல, ஆட்டுக்கு! ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விஞ்ஞானிகள் உருவாக்கிய இ.ஜி.95 என்னும் அந்த ஊசியின் விவரம் 1996-இல் வெளியாயிற்று. ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று. சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பலன் கண்டது. அர்ஜென்டினாவிலும் சீனாவிலும் ஆடுகளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

நம் பக்கம் இது ஏன் வரவில்லை? ஊசி போட்ட ஆடு சந்தையில் கூடுதல் விலைக்குப் போகாது. பலன் ஊருக்கு, செலவு மட்டும் ஆட்டுக்காரருக்கு என்றால் யார் போடுவார்? ஆகவே இதை அரசே இலவசமாகப் போடவேண்டும். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆட்டம்மைக்கு ஊசி தயாரித்த நிலையம். இதையும் அது ஏற்கலாம். காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் முதலில் நம் மந்தைகளில் போட்டுப் பார்க்கலாம். விற்றுவிடும் கிடாக்குட்டியைவிட, மந்தையில் பல ஆண்டு நிற்கும் பெட்டைக் குட்டிக்கே முதலிடம் தரவேண்டும்.

ஆனால் ஊசி புதிய கட்டியைத்தான் தடுக்கும். இருக்கும் கட்டியைக் கரைக்காது. ஆகவே ஊசி வரும்வரை காத்திராமல், வந்தபின்னும் கைவிடாமல், நாம் செய்யவேண்டியவை உண்டு. கட்டி கண்ட ஈரலை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். அல்லது அரை மணிக்குக் குறையாமல் கொதிக்க வையுங்கள். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது, கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுங்கள். நாயைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே சோற்றில் கை வையுங்கள்.

ஐஸ்லாந்து மக்கள் எந்தத் தடுப்பூசியும் இல்லாத காலத்திலேயே, கழிவு நாய் வாய்க்குப் போகாமல் காத்தும் நாய்களுக்குப் புழுமருந்து கொடுத்தும் இந்த நோயை ஒழித்தார்கள். மாமல்லபுரம் சாலையோர இறைச்சிக் கடைகளின் பின்னால் ஒரு மூடிய குழி வெட்ட ஊராட்சிகளுக்கு எந்த விஞ்ஞானியும் தேவையில்லை. ஊசியை அரசிடம் கேட்போம். குழியை நாமே வெட்டுவோம்.