சுவரில் ஒட்டாத பட்டியல்

நேற்று மஞ்சக்குப்பம் டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "விவசாயிக்கு வருஷம் ஆறாயிரம் தர்றாங்களே, நீங்க வாங்குறீங்களா சார்?"

பூர்வீக நிலம் கொஞ்சம் உண்டு. ஆனால் மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கும் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு பி.எம். கிசான் கிடையாது. விதி அப்படி. "இல்லை" என்றேன்.

"உங்க பேரு பட்டியல்ல இல்லேன்னு நிச்சயமா தெரியுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2020 மறந்துவிட்டதா அன்பர்களே? கொரோனா காலம். நம் கடலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் வேறு பல மாவட்டங்களிலும், வேளாண் துறையின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களை விவசாயிகளாக ஏற்றினார்கள். தமிழ்நாடு முழுதும் தகுதியற்றவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், தொகை சுமார் 110 கோடி என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. ஒப்பந்த ஊழியர்கள் வேலை இழந்தார்கள். கொடுத்த பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

கணினி கண்டுபிடிக்காததை ஊர் கண்டுபிடித்திருக்கும். இது என் அனுபவம். ஒரு வெள்ளத்தின்போது, கொள்ளிடக்கரை கிராமம் ஒன்றில் நிவாரணப் பட்டியலைச் சாவடிச் சுவரில் ஒட்டினோம். எழுத்தறியாத பாட்டி ஒருத்தி பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பாதியில் நிறுத்தி, "யப்பா, அந்த ஒம்பதாவது ஆளு செத்து ரெண்டு வருஷமாச்சு. கருமாதிச் சோறு நானே தின்னேன்" என்றாள். சிவப்பு மையால் அடித்தோம். அந்தத் தணிக்கைக்கு அரசுக்கு ஆன செலவு ஒரு கிண்ணம் பசை.

"பட்டியல் இணையத்தில் இருக்கிறதே" என்பார்கள். பி.எம். கிசான் பட்டியல் கிராமவாரியாக இருக்கிறது, உண்மை. புவனகிரிப் பக்கத்துக் கிழவர் அதை எங்கே போய்ப் பார்ப்பார்? பயிர்க் காப்பீட்டில் பக்கத்து வயலுக்கு வந்து தன் வயலுக்கு ஏன் வரவில்லை என்பதை எந்தச் சுவரில் படிப்பார்?

"அந்தரங்கம்" என்று அடுத்த சாக்கு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், மானியத் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று 4ஆம் பிரிவில் சொல்கிறது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அதே சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு இருந்த விலக்கை அகலமாக்கிவிட்டது. மனுவைத் திருப்ப நினைக்கும் அலுவலருக்கு ஒற்றை வரி போதும். நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எந்தப் பொது ஊழியரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்று 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு சொல்வதை எங்கள் வாத்தியார் மனப்பாடம் செய்யவைத்தார். அந்த நாட்டில் விவசாய மானியம் பெறுவோர் பெயரும் தொகையும் இன்றும் வெளியாகின்றன. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம், தனிநபர் பெயர்களை வரைமுறையின்றி வெளியிடுவது தவறு என்றது. அதற்காக வெளியிடுவதையே விட்டுவிடவில்லை. சிறு தொகை பெறுவோர் பெயரை மட்டும் மறைத்து விதியைத் திருத்திக்கொண்டார்கள்.

"இரண்டாயிரம் ரூபாய் தவணையும் சிறு தொகைதானே?" என்று கேட்கலாம். அங்கே திருட்டு நடந்தால் பெருந்தொகையில் நடக்கும். இங்கே இரண்டாயிரம் இரண்டாயிரமாகத்தான் 110 கோடி போனது.

ஆதார் எண் வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், கைபேசி எண் வேண்டாம். பெயர், ஊர், திட்டம், தொகை இவை நான்கும் போதும். ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள். கிராம சபையில் உரக்கப் படியுங்கள். தன் பெயரில் நிலமில்லாத குத்தகைக்காரர் அதில் இல்லை என்பதும் அப்போது ஊருக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை விட்டு எங்கள் கிராமப் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். என் பெயர் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாத பெயர்கள் சில இருந்தன. அவர்கள் யாரென்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.