பழைய காருக்கு வந்த புதிய பசி

உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருக்கிறதா? இருந்தால், இந்த வாரம் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். இல்லாதவர்களும் படிக்கலாம். என்றாவது ஒரு நாள் பெரியப்பா வீட்டுப் பழைய காரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகாமலா இருந்துவிடப் போகிறீர்கள்?

எங்கள் வீட்டு அம்பாஸடர் 1972-ம் வருஷத்து வண்டி. என் தகப்பனார் ஆசையாக வாங்கியது. அந்த ஜாதி வண்டியை 1957-ல் செய்ய ஆரம்பித்து 2014-ல் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் அதற்குத் தம்பி தங்கை பிறக்கப் போவதில்லை. அதனாலேயே எங்களுக்கு அதன் மேல் பாசம் அதிகம். அதில் சகல சௌகரியங்களும் உண்டு. ஒன்றே ஒன்றுதான் இல்லை. செல்போனுக்குச் சாப்பாடு போட இடம் கிடையாது!

இந்தக் காலத்தில் வழி காட்டுவது செல்போன், பாட்டுப் பாடுவது செல்போன், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று சம்பந்தி கேட்பதும் செல்போனில். அது பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டால் என்ன செய்வது? ஆகவே போன வருஷம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, "ஒரு சார்ஜர் சாக்கெட் வைத்துக் கொடு, தம்பி" என்றேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. நானும் மகிழ்ந்து போய்க் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். கால் மணியில் எப்படி முடிந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஸீட்டில் மருமகளும் அவள் மடியில் எட்டு மாதப் பேத்தியும் நல்ல தூக்கம். திண்டிவனம் தாண்டியதும் என் மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்னமோ கருகற வாசனை வருதே?"

"வெளியே யாராவது குப்பை கொளுத்துவார்கள்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

வண்டியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினேன், அப்போதும் நிற்கவில்லை. மருமகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். நான் பானெட்டைத் திறந்து பாட்டரிக் கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தேன். வருமா? நட்டுப் போட்டு முறுக்கியிருந்தது. நல்ல வேளையாகப் பின்னால் வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு ஸ்பானரோடு ஓடி வந்து, அரை நிமிஷத்தில் கம்பியைக் கழற்றி எறிந்தார். புகை அடங்கியது. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கம்பிக்குக் காவலே போடாம விட்டிருக்காங்களே!"

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நடந்தது இதுதான். இங்கிலீஷ் முறையில் கம்பி இழுத்த பழைய வண்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள் உண்டு. பழுப்பு நிறக் கம்பி பாட்டரியிலிருந்து நேரே வருவது. அதற்குச் சாவியும் கிடையாது, ப்யூஸும் கிடையாது. ஊதா ப்யூஸ் வழியாக வருவது. சாவி இல்லாமலும் உயிரோடு இருக்கும். பச்சை, சாவியைத் திருப்பினால் ப்யூஸ் வழியாக உயிர் பெறுவது. கறுப்பு, வண்டியின் உடம்போடு சேரும் எர்த். பட்டறைத் தம்பி கைக்கு எட்டிய பழுப்புக் கம்பியில், பானெட்டுக்குள்ளேயே, வீட்டு வாசல் மணிக்குப் போடுகிற மெல்லிய கம்பியை முறுக்கி, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே விட்டிருந்தார். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஆட ஆடத் தகட்டின் விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துவிட்டது. செம்பு தகட்டைத் தொட்டது. பாட்டரி முழு வேகத்தில் பாய்ந்தது.

வெறும் 12 வோல்ட்தானே, அது என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். கையால் தொட்டால் ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற அதே பாட்டரி, தடை இல்லாத வழி கிடைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். மெல்லிய கம்பி அதைத் தாங்காமல் பழுக்கக் காய்ந்து, பக்கத்தில் இருப்பதையும் கொளுத்தும்.

இங்கேதான் பலருக்கும் ஒரு தப்பபிப்பிராயம். ப்யூஸ் செல்போனைக் காப்பாற்ற இருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை, அது கம்பியைக் காப்பாற்ற இருக்கிறது. ஆகவே அது சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்து பிரயோஜனமில்லை. பாட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். காவல்காரன் தெருவாசலில் உட்கார வேண்டுமே தவிர, பூஜை அறையில் அல்ல. ப்யூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிடுகிற மகானுபாவர்கள் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது முறை? மறு தடவை நான் செய்து கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பசிக்குக் கணக்குப் பாருங்கள். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 18 வாட் செல்போன் சார்ஜருக்கு ஒன்றரை. சேதாரத்தையும் சேர்த்து இரண்டுக்குள் அடங்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்பு 10 ஆம்பியர் வரை கேட்கும். இனி வரவைப் பாருங்கள். பழைய வண்டியின் டைனமோ, நல்ல வேகத்தில் ஓடும்போது சுமார் 20 ஆம்பியர் கொடுக்கும்; எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. ராத்திரியில் 45 வாட் முன் விளக்குகள் இரண்டுக்கு மட்டும் ஏழரை ஆம்பியர் போய்விடுகிறது. எஞ்சினுக்கும் மற்ற விளக்குகளுக்கும் இன்னும் ஐந்தாறு. மிச்சத்தில் செல்போன் தாராளமாகச் சாப்பிடலாம். முன் விளக்கு எரிய எரியப் பம்பையும் ஓட்டினால் வரவுக்கு மேல் செலவு. பிற்கால வண்டிகளில் உள்ள ஆல்டர்னேட்டருக்குக் கை சற்றுத் தாராளம்.

வேலை தொடங்குமுன் பாட்டரியில் எர்த் கம்பியை முதலில் கழற்றுங்கள். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பானர் தகட்டில் பட்ட மாத்திரத்தில் தீபாவளி! பிறகு பாட்டரியின் உயிர் முனையிலிருந்து தனிக் கம்பி; இரண்டரை சதுர மில்லிமீட்டர், காருக்கென்றே விற்பது. ஒரு சாண் தள்ளி 15 ஆம்பியர் ப்யூஸ். அடுத்து ஒரு ரிலே. பச்சைக் கம்பி அந்த ரிலேயைத் தட்டி எழுப்பும். சாவியை எடுத்தால் சாக்கெட்டும் தூங்கிவிடும். இல்லாவிட்டால் மறந்துபோன இரண்டு ஆம்பியர் சாமான், 60 ஆம்பியர்-மணிப் பாட்டரியைப் பதினைந்து மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். கம்பி தகட்டைக் கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த் போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று தகடு தெரிய வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 1950-களில் வந்த பல இங்கிலீஷ் கார்களில் பாட்டரியின் பாசிடிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். சாக்கெட்டிலோ நடுக்குமிழ் பாசிடிவ், வெளிக்கூடு நெகடிவ். அப்படிப்பட்ட வண்டியின் தகட்டில் சாக்கெட்டை மாட்டினால் ஒன்று சார்ஜர் சாகும், அல்லது ப்யூஸ் போகும். மரத்திலோ பேக்லைட்டிலோ தனியாக மாட்டி, கம்பியைச் சரியான முனைக்குக் கொண்டு போக வேண்டும். அதே காலத்து வோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி 6 வோல்ட் வண்டியானால் 12 வோல்ட் சாமான் அங்கே வேலைக்கு ஆகாது. ஆகவே எந்த முனை உடம்புக்குப் போகிறது, எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போங்கள்.

எல்லாம் தெரிந்துகொண்டு நீங்களே செய்ய வேண்டுமென்பதில்லை. பட்டறைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: "கம்பி எங்கேயிருந்து எடுத்தீர்கள்? ப்யூஸ் எங்கே இருக்கிறது? சாவியை எடுத்தால் நிற்குமா?" மூன்றுக்கும் கையால் தொட்டுக் காட்டுகிறவருக்கு, கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுங்கள்.

புதிய சாக்கெட் வைத்த அன்று என் மனைவி டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து இரண்டு தடவை முகர்ந்து பார்த்தாள். "சரி, ஏறலாம்" என்று உத்தரவு கொடுத்தாள். இப்போதும் ஊருக்குக் கிளம்பும்போது, பேத்தியின் பால் புட்டி பைக்குள் ஏறிவிட்டதா என்று பார்ப்பவள், முன் பெட்டியைத் திறந்து இன்னொன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

பாட்டரி நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர். எல்லா வேளையிலும் பின்னால் லாரி வராது, பாருங்கள்!