எந்த வெட்டு? எந்த நாற்காலி?

(இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். நம் கல்லூரியைப் பார்த்தால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருப்பது புரியும். ஆடைக்குக் கால் பங்கு போதும். மற்றொரு கால் பங்கு தலைமுடிக்கே உரியது! முதல் மணி அடிப்பதற்கு முன் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் ஒரு முகம். ஒவ்வொரு கையிலும் ஒரு சீப்பு. தலைக்கவசம் கலைத்ததைச் சீப்பு சரிசெய்துகொண்டிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இதில் வருத்தம் உண்டு. காதோரம் வழித்து, உச்சியில் மட்டும் கூரை வேய்ந்தாற்போல் விட்டுக்கொண்டு வருபவனை, "இது என்னப்பா கோலம்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் 1980களில் எடுத்துக்கொண்ட நிழற்படத்தைப் பார்த்தால் அவருடைய காதுகளைக் காணோம், முடி மூடியிருக்கிறது. அதற்கும் முன்னே போனால், காசியில் படித்த நாளில் குடுமியை எடுத்து மீசை வளர்த்த பாரதியாரைக் கண்டு உறவினர் முகம் சுளித்திருக்கிறார்கள். இளைஞன் தலையைக் கண்டு மூத்தோர் வருந்துவது நேற்றுத் தோன்றியதன்று. அந்த வழக்கை நான் இங்கே நீட்டப் போவதில்லை.

ஆனால் மாணவ நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திரைப்பட நடிகரின் படத்தைச் செல்பேசியில் காட்டி, "இதே மாதிரி வெட்டுங்க அண்ணே" என்கிறோம். அந்த நடிகரின் தலையைச் சீவிவிட நாள்தோறும் ஓர் ஆள் இருக்கிறார். நமக்கு ஆறரை மணிப் பேருந்துதான் இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே, காதோரத்தை ஒட்ட வழித்த வெட்டு மூன்று வாரத்தில் உருக்குலைந்துவிடும். சற்று நீளமாக விட்டு வெட்டினால் ஒன்றரை மாதம் தாங்கும். எது நம் பைக்கு ஏற்றது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சுழி. உச்சியில் இரட்டைச் சுழி உள்ளவன் அங்கே குட்டையாக வெட்டினால் முடி நட்டுக்கொண்டு நிற்கும்; எந்த எண்ணெயும் அதைப் படிய வைக்காது. கடற்கரைப் பக்கத்து நண்பர்களுக்கு வேறொரு தொல்லை. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து முடியைத் தேங்காய் நாராக்கிவிடும். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் தலையை அலசுங்கள். ஈரத்தோடு தலைக்கவசம் மாட்டாதீர்கள். சவரத்துக்குப் புதுப் பிளேடு போடச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். இரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலைக்கு நம் கூச்சம் தெரியாது. இவற்றையெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்பதைவிட, வெட்டுபவரிடம் இரண்டு நிமிடம் பேசிக் கேட்பது மேல். நம் பின்னந்தலையைப் பார்த்தவர் அவர், நாம் பார்த்ததில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் "எந்த வெட்டு?" என்ற கேள்வியே என் வாழ்க்கையில் வெகு காலம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன்பு வந்த கேள்வி வேறு.

எங்கள் ஊரில் ஒரே ஒரு முடிதிருத்தும் கடை. அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஒரு திங்கட்கிழமை மாலை தனியாகப் போனேன். கடையில் அவரும் ஒரு மின்விசிறியும்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டார்: "தம்பி, நீ எந்தத் தெரு?"

சொன்னேன்.

"இன்னிக்குக் கூட்டமா இருக்கு தம்பி. அப்புறம் வா."

மறுநாள் செவ்வாய், கடைக்கு விடுமுறை. புதன்கிழமை போகத்தான் நினைத்தேன். அப்பா வேண்டாம் என்றார். அவரே சிறு வயது முதல் திருக்கழுக்குன்றத்துக்கு மிதிவண்டியில் போய்த்தான் முடி வெட்டிக்கொண்டு வருவாராம். "அங்கே எவனும் தெரு கேக்க மாட்டான்" என்றார். அந்த வாரம் பெரியப்பா என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கத்தரிக்கோலை எடுத்தார். மறுநாள் பள்ளியில், "எலி கடிச்சிடுச்சாடா?" என்று சிரித்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து நம் நூலகத்தில் காந்தியடிகளின் சத்திய சோதனையைப் படித்தபோது திடுக்கிட்டேன். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஓர் ஆங்கில முடிதிருத்துபவர் அவருக்கு வெட்ட மறுத்திருக்கிறார். அவர் ஒரு முடிவெட்டும் கருவியை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு வந்தது, பின்பக்கம் பாழாயிற்று. நீதிமன்றத்து நண்பர்கள், எலி கடித்ததா என்றுதான் அவரையும் கேட்டிருக்கிறார்கள்! ஆனால் அவர் அந்த மனிதரைக் குறைகூறவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் வெள்ளையர் வரமாட்டார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும் என்கிறார். நம் நாட்டில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெட்ட நாம் விடுகிறோமா என்று நம்மையே நோக்கித் திரும்புகிறார்.

நானும் எங்கள் ஊர்க் கடைக்காரரைக் குறைகூற மாட்டேன். அவருடைய முன்னோர் வீட்டுத் திண்ணைக்கும் கொல்லைக்கும் போய்ச் சவரம் செய்து, அறுவடைக் காலத்தில் அளக்கும் நெல்லுக்குக் காத்து நின்றவர்கள். ஊருக்கு மருத்துவம் பார்த்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தவர்கள். அவர்களைத் தாழ்த்திய ஊரே எங்களை விலக்கவும் சொன்னது. கத்தரிக்கோல் அவர் கையில். கட்டளை வேறு யாரிடமோ.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகளுக்குள் செல்லும் உரிமையை எல்லார்க்கும் தருகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் மறுப்பவருக்குத் தண்டனை விதிக்கிறது. இருந்தும், முடி வெட்ட மறுத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டு நாளேடுகளில் இன்றும் வருகிறது. அந்த நாளேட்டையும் முடிதிருத்தும் கடைப் பலகையில் உட்கார்ந்துதான் நாம் படிக்கிறோம்!

சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவாக மாமல்லபுரம் போனோம். அருச்சுனன் தபசுப் பாறையில் சடையும் தாடியுமாக ஒற்றைக் காலில் ஒருவர் தவம் செய்கிறார். கீழே ஒரு பூனையும் அதேபோல் கைதூக்கி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். கோலத்தை வைத்து ஆளை அளக்காதே என்று ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி சிரிப்பதாக எனக்குப் பட்டது. வள்ளுவரும் கூடாவொழுக்கம் அதிகாரத்தை முடிக்கும்போது, மொட்டையிலும் சடையிலும் ஒன்றுமில்லை, உலகம் பழிப்பதை விடுவதே போதும் என்றுதானே சொல்கிறார்? இன்று உலகம் பழிக்க வேண்டியது எந்த மாணவனின் முடியையும் அன்று, "எந்தத் தெரு?" என்ற அந்தக் கேள்வியை.

இப்போது நான் செங்கல்பட்டில்தான் வெட்டிக்கொள்கிறேன். அந்த அண்ணன் என்னிடம் கேட்பது ஒன்றே: "சைடுல மிஷின் போடவா, கத்தரியா?" அந்தக் கேள்வியில் எவ்வளவு விடுதலை இருக்கிறது என்பது, வேறு கேள்வி கேட்கப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

நண்பர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கடைக்குப் போங்கள். நல்ல வெட்டாகத் தேர்ந்தெடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நாளேட்டைச் சற்றே தாழ்த்தி, அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். யார் வருவதே இல்லை என்றும் பாருங்கள்.