நான் எழுதின கட்டுரையை நானே உங்களுக்குக் கொடுக்க முடியாதா?

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

போன மாசம் ஓ.பி.யில் ஒரு கல்லூரிப் பொண்ணு. திருவொற்றியூர். அப்பாவுக்கு டிபி, மாத்திரை மூணாவது மாசம் ஓடுது. போனை நீட்டிக் காட்டினாங்க. அவங்க தேடின ஆராய்ச்சிக் கட்டுரையோட தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியுது. மீதியைப் படிக்க டாலரில் பணம் கட்டணும்.

"நம்ம ஊர் டாக்டருங்க எழுதினதுதானே சார், நமக்கே காசா?"

பதில் சொல்ல வாய் வரல. காரணம், நானும் ஒரு குற்றவாளி.

சில வருஷம் முன்னாடி சீனியர்களோட சேர்ந்து ஒரு கட்டுரையில் என் பேரும் வந்தது. காசிமேடு, ராயபுரம் பக்கத்து நோயாளிகள் கொடுத்த தகவல். அரசு சம்பளம், அரசு லேப். சரிபார்த்த மற்ற டாக்டர்களுக்கும் யாரும் காசு தரல. கடைசியா ஒரு படிவம் வந்தது: 'காப்பிரைட் முழுவதும் பதிப்பகத்துக்கு'. நாங்க படிச்சுக்கூட பார்க்காம கையெழுத்துப் போட்டோம். இன்னைக்கு அந்தக் கட்டுரையை என் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் என்னாலேயே திறக்க முடியல.

எப்பவும் இப்படித்தானா? இல்லீங்க. 1956-ல் சென்னையில் டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, இப்போ சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுக்க வைக்காம வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் டிபி குணமாகும்னு இந்த ஊர் ஏழை நோயாளிகளை வெச்சு நிரூபிச்சாங்க. உலகம் டிபியைப் பார்த்த விதமே மாறிச்சு. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையை இன்னைக்கும் நீங்க போனில் இலவசமா முழுசா படிக்கலாம்.

அறுபது வருஷத்துக்கு முந்தினது கிடைக்குது, நேத்து வந்தது கிடைக்காது!

சரி, சட்டம் என்ன பண்ணலாம்? ஜெர்மனியில் 2014 ஜனவரி 1 முதல் ஒரு விதி இருக்கு. ஆராய்ச்சிச் செலவில் பாதியாவது பொதுப்பணமா இருந்தா, இதழில் வெளியாகி 12 மாசம் கழிச்சு, ஏத்துக்கிட்ட கையெழுத்துப் பிரதியை எழுதினவரே லாப நோக்கம் இல்லாம பொதுவில் போடலாம். 'போட மாட்டேன்'னு ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. இந்தக் கடைசி வரிதான் உயிர். பேரம் பேச பலமில்லாதவன் போட்ட கையெழுத்தை சட்டமே தள்ளி வைக்குது. நெதர்லாந்தும் பிரான்சும் பின்னாடியே வந்தாச்சு.

"நம்ம நாட்டில் இதெல்லாம் நடக்குமா டாக்டர்?" ஏற்கெனவே நடந்திருக்கு. சினிமாப் பாட்டில்! 2012 காப்பிரைட் சட்டத் திருத்தப்படி, தியேட்டருக்கு வெளியே பாட்டு ஓடினா வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை அவங்களே தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாட்டு எழுதினவருக்குக் கொடுத்த பாதுகாப்பை, டிபி பற்றி எழுதினவருக்கும் கொடுக்கலாமே? நான் காசுகூட கேட்கல. என் கட்டுரையை உங்களுக்குக் காட்டுற உரிமை போதும்.

மத்திய அரசு ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2014-லேயே அறிவியல், உயிரி தொழில்நுட்பத் துறைகள் தங்கள் பணத்தில் நடக்கிற ஆராய்ச்சிக்கு திறந்த அணுக்கக் கொள்கை கொண்டு வந்தாங்க. ஆனா அது கொள்கை, சட்டம் இல்லை. 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா'. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, சுமார் 13,000 இதழ்கள். மாணவர்களுக்கு நல்லதுதான், மனசார வரவேற்கிறேன். ஆனா அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும். கல்லூரி இல்லாத ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற எனக்கோ, எண்ணூரில் 2023 டிசம்பர் ராத்திரி அம்மோனியா கசிஞ்சு மூச்சுத் திணறின மக்களுக்கோ அது கதவு திறக்காது. நாம எழுதினதை நாமே வாடகைக்கு வாங்குறோம், அவ்வளவுதான்.

'இப்படி விட்டா இதழ்கள் மூடிடும்'னு சொல்றாங்க. சிறிய சங்கங்கள் நடத்துற இதழ்கள் பற்றின கவலை நியாயம்தான். அதுக்குத்தான் அந்த 12 மாச அவகாசம். ஜெர்மனியில் விதி வந்து பத்து வருஷம் தாண்டியும் பெரிய பதிப்பகங்கள் கடையைக் கட்டல.

ஆராய்ச்சி பண்ற தம்பி தங்கைகளுக்கு: படிவத்தைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. பல இதழ்கள் கையெழுத்துப் பிரதியை பொதுக் களஞ்சியத்தில் போட ஏற்கெனவே அனுமதிக்குது, நாமதான் போடுறதில்லை.

பொதுமக்களுக்கு: கட்டுரையில் ஆசிரியரோட மின்னஞ்சல் இருக்கும். கேளுங்க, பெரும்பாலானவங்க சந்தோஷமா அனுப்புவாங்க. அந்தப் பொண்ணுக்காக நானும் எழுதினேன். ரெண்டாம் நாளே வந்துருச்சு. அடுத்த வாரம் அப்பா மாத்திரை வாங்க வரும்போது பிரிண்ட் எடுத்துக் கொடுக்கணும்.