விருப்பின்மையா, நம்பிக்கையின்மையா?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய மட்டக்களப்பு ஊர்களின் மக்கள் தகாபுல் எனப்படும் இஸ்லாமியக் காப்புறுதியை ஏற்க ஏன் தயங்குகின்றனர்? இவ்வினாவுக்குக் காப்புறுதி முகவரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒரே விடையையே ஒப்புவிக்கின்றனர். மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை என்பதே அவ்விடை. இவ்விடை பொருந்தாது என்பதோடு, குற்றத்தை இடம்மாற்றிச் சுமத்துவதும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தகாபுல் என்பது யாது? வழமையான காப்புறுதியில் நிறுவனம் தவணைப்பணத்தைப் பெற்று ஆபத்தை விலைக்கு வாங்குகின்றது. ஆபத்து நேராவிடின் பணம் நிறுவனத்துக்கே உரியதாகும். இதில் வட்டியும் நிச்சயமின்மையும் சூதின் சாயலும் கலந்துள்ளன என்பது இஸ்லாமியச் சட்டவியலாரின் தடை. தகாபுலில் பங்காளர் தம் பணத்தின் ஒரு கூற்றை ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடையாகப் பொதுநிதியில் இடுகின்றனர். நிறுவனம் கூலிபெறும் முகவராக நின்று அந்நிதியை நிருவகிக்கின்றது. நிதி போதாவிடின் வட்டியில்லாக் கடன் கொடுத்து அதனைத் தாங்குதல் நிறுவனத்தின் கடன். மிகுதியோ பங்காளருக்கு உரியது.

இக்கருத்தை வாவிக்கரை மக்களுக்கு யார் புதிதாகக் கற்பிக்க வேண்டும்? மரண வீட்டின் செலவை ஊரார் பகிரும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும், அயலார் முறைவைத்துப் பணம் திரட்டும் சீட்டும் இங்கு பழகியவையே. தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிய தாய்வழிக் குடிமுறை, ஒருவன் சுமையைக் குடியின் சுமையாக எண்ணப் பழக்கியது. கைப்பிழையால் உயிர்க்கொலை நேர்ந்தவிடத்து அதற்குரிய ஈட்டைக் குலத்தார் பகிர்ந்து செலுத்திய பண்டை அரபியரின் 'ஆகிலா' வழக்கையே சட்டவியலார் தகாபுலுக்கு முன்மாதிரியாகக் காட்டுவர். அத்தகைய உறவுப் பொறுப்பினுள் வாழ்ந்துவரும் மக்களை அறியாதோர் என்பது எவ்வாறு பொருந்தும்?

காப்புறுதி செய்தல் இறைவனிடத்து நம்பிக்கையின்மையைக் காட்டும் என்பாரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிற் பொறுப்புச்சாட்டுமாறு நபிகளார் கூறியதை அறிந்தோர்க்கு இதற்கு நீண்ட மறுப்பு வேண்டுவதில்லை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சட்டவியற் பேரவையும் 1985இல் வணிகக் காப்புறுதியை விலக்கிக் கூட்டுறவுக் காப்புறுதியை அனுமதித்தது.

எனின், ஊர்ச்சங்கமே போதுமே, தகாபுல் எதற்கு என ஒருவர் வினவலாம். இவ்வினாவுக்கு 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் விடை கூறியுள்ளன. ஒரு வீடு எரிந்தால் ஊர் தாங்கும். ஊர் முழுவதும் ஒரே நாளில் வீழ்ந்தால் தாங்குவோர் யார்? தென்னையும் வயலும் வள்ளமும் வலையும் ஒருசேர அழிந்த நாட்களில், கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவனேயானான். சிறுநிதியின் எல்லை இதுவே. ஆபத்தைப் பல மாவட்டங்களுக்கும் பரப்பும் பெருநிதியொன்று இம்மக்களுக்கு இன்றியமையாதது. ஆதலின் தகாபுல் தோற்பதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. அது தோற்கலாகாது என்பதாலேயே இக்கடுமொழி.

இனி, நிறுவனங்களின்பால் வருவோம். இலங்கையில் அமானா தகாபுல் 1999இல் தொடங்கப்பட்டது. மலேசியாவோ 1984இலேயே தகாபுலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியிருந்தது. இங்கு காப்புறுதித் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் எல்லாக் காப்புறுதிக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. சட்டம் தனியே காவாதவிடத்து, பங்காளரின் நம்பிக்கையைக் காக்கும் கடமை நிறுவனத்துக்கு இருமடங்காகின்றது.

அந்நம்பிக்கை எவ்வாறு தேடப்படுகின்றது? பெயரை மாற்றிப் பழைய பொருளையே விற்பது போன்ற பேச்சே முகவரின் வாயில் மிகுதி. "ஹலால்" என்ற சொல்லுக்கு அப்பால் மிகுதிப் பணத்தின் கணக்கு எங்கே? அதில் நிறுவனமும் ஊக்கப்பங்கு பெறலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைப் பங்காளரிடம் மறையாது உரைத்தல் வேண்டாவா? பெரும்போக அறுவடையிற் பணங்காணும் உழவனிடமும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வெறுங்கையுடன் கரையிலிருக்கும் மீனவனிடமும் மாதந்தோறும் தவணை கேட்பது சம்பளக்காரனுக்குத் தைத்த சட்டையை அவர்களுக்கு மாட்டுவதாகும். மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டத்தாற் கட்டாயமானது. அதனை வாங்குவோரின் தொகையை வைத்து விருப்பத்தை அளத்தலும் ஆகாது.

நம் ஆய்வாளரோ வினாக்கொத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குட் செல்கின்றனர். அய்சென் 1991இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின் வழியே மனப்பாங்கையும் சமூக அழுத்தத்தையும் அளக்கின்றனர். அளத்தல் தவறன்று. ஆயின் கூண்டில் எப்போதும் வாடிக்கையாளனே நிறுத்தப்படுகின்றான். நிறுவனம் ஒருநாளும் நிறுத்தப்படுவதில்லை. "நீர் ஏன் சேரவில்லை?" என்று மக்களைக் கேட்கும் வினாக்கொத்து, "நீர் ஏன் கணக்குக் காட்டவில்லை?" என்று நிறுவனத்தைக் கேட்பது எந்நாள்?

வேண்டுவன சிலவே. பொதுநிதியின் வரவு செலவும் மிகுதியும் ஆண்டுதோறும் எளிய தமிழில் அச்சாகிப் பள்ளிவாசலிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாசிக்கப்படுக. பங்களிப்பு அறுவடையையும் மீன்பிடிப் பருவத்தையும் ஒட்டிப் பெறப்படுக. சிறு பங்காளரின் பேராளர் நிருவாகத்தில் அமர்க. தகாபுலிற் சேர மதம் தடையன்று. சூறாவளி வாவியின் எக்கரையிலும் மதம் வினவியதில்லை. எழுவான்கரை மீனவனும் படுவான்கரை உழவனும் ஒரே நிதியில் ஒருவர்க்கொருவர் பிணையாவதைக் காட்டிலும் இம்மாவட்டத்துக்கு உகந்த நல்லுறவு வேறு யாதுளது?

வலைஞன் ஒருவன் முகவரை நோக்கி, "மிஞ்சிய காசு யாருக்கு?" என்று கேட்பானாயின், அதனை அறியாமை எனக் குறித்துக்கொள்ளாதீர். தகாபுலின் உயிர்நிலையை அவன் ஒரே வினாவில் தொட்டுவிட்டான். அவனுக்கு விடையளிக்கும் நாளில் விருப்பம் தானே பிறக்கும்.